தாவர இறைச்சியின் கணக்கை யார் எழுதுவது?

இந்தூர்ப் பக்கத்துச் சோயா ஆலைகளில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுவதற்கு இரண்டு போக்கிடங்கள் உண்டு. பெரும்பகுதி புண்ணாக்காக லாரியேறி நாமக்கல்லுக்கும் பல்லடத்துக்கும் வந்து, மக்காச்சோளத்தோடு அரைபட்டுக் கோழித் தீவனமாகிறது. சிறு பகுதி மாவாகி, சூடும் அழுத்தமும் கொடுக்கும் இயந்திரத்துக்குள் புகுந்து, பஞ்சுபோல உப்பி வெளியே வந்து, மளிகைக் கடையில் மீல் மேக்கராக உட்கார்ந்துகொள்கிறது. ஒன்று கோழியின் வயிற்றைச் சுற்றிக்கொண்டு நம் இலைக்கு வருகிறது. மற்றது நேராக வருகிறது. தாவர இறைச்சி நல்லதா, அது உலகைக் காப்பாற்றுமா என்று படித்தவர்கள் இன்று போடுகிற சண்டையெல்லாம் இந்த இரண்டு வழிகளைப் பற்றியதுதான். ஆனால், லாரிக்கும் ஆலைக்கும் கொட்டகைக்கும் சொந்தக்காரர் யார் என்ற பேச்சு அந்தச் சண்டையில் வருவதே இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பால் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஆடு, கோழி, மீன் மூன்றும் சாப்பிடுவேன். புரட்டாசியில் மட்டும் வீட்டுக்காரம்மாவின் சட்டத்துக்குக் கட்டுப்படுவேன். ஆகவே, சைவப் பிரசாரத்தை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் தாவர இறைச்சியின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கறிக்கோழி ஒரு கிலோ உயிர் எடை போட ஏறக்குறைய 1.6 முதல் 1.8 கிலோ வரை தீவனம் தின்கிறது. இறகு, குடல், ரத்தம், தலை, கால் எல்லாம் போனால் கடைக்காரர் தராசில் நிற்பது மூன்றில் இரண்டு பங்கு. அதிலும் எலும்பு உண்டு. தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு புரதம் என்று வைத்துக்கொண்டால், கோழிக்குள் போன புரதத்தில் பாதிகூட மனிதர் வாய்க்கு வந்து சேர்வதில்லை. இத்தனைக்கும் பண்ணை விலங்குகளில் கோழிதான் சிக்கனக்காரி. தீவனம் போட்டுக் கொழுக்கவைக்கும் அமெரிக்க மாட்டின் கணக்கு இதைவிடப் பல மடங்கு மோசம். நம்மூர் வெள்ளாட்டை இந்தப் பட்டியலில் சேர்ப்பது நியாயமில்லை. அது வேலியோரத்தில் மனிதர் தின்ன முடியாததைத் தின்று வளர்கிறது.

மனிதர்களால் வெளியாகும் வெப்ப வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடைகள் வழியாக வருவதாக ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 2013-ல் சொன்னது. அந்த எண்ணை இங்கே எல்லா மேடையிலும் எடுத்து வீசுகிறார்கள். அதில் பெரும்பங்கு மாடுகளுடையது. அமெரிக்கர் தட்டில் மாட்டிறைச்சியை எடுத்துவிட்டுப் பட்டாணியை வைத்தால் பூமிக்குக் கிடைக்கும் லாபம், பல்லடத்துக் கோழியை எடுத்துவிட்டு வைத்தால் கிடைக்காது. நமக்கு நெருக்கமான காரணங்கள் வேறு. 2006-ல் மராட்டியத்தின் நவாபூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது, நோய் எட்டிப் பார்க்காத ஊர்களிலும் கோழி வாங்க ஆளில்லாமல் போனது. மருத்துவமனைகளில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தை, உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019-ல் மத்திய அரசு தடை போட வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான குஞ்சுகளை ஒரே கூரையின் கீழ் அடைத்து நாற்பது நாளுக்குள் இரண்டு கிலோ ஆக்கும் தொழிலோடு ஒட்டிக்கொண்டு வரும் வினைகள் இவை. மீல் மேக்கருக்குக் காய்ச்சல் வராது.

இனி பணத்துக்கு வருவோம். பியாண்ட் மீட் என்ற அமெரிக்க நிறுவனம் பட்டாணிப் புரதத்தில் பர்கர் செய்தது. 2019 மே மாதம் 25 டாலருக்குப் பங்கு வெளியிட்டது. முதல் நாளே 65 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு ஜூலையில் 230 டாலருக்கு மேல் போனது. மாட்டின் காலம் முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. 2025 அக்டோபரில் அதே பங்கு ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. ருசி போதவில்லை, விலை அதிகம், உப்பு அதிகம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எல்லாமே உண்மையாக இருக்கலாம். கணக்கு பார்த்தவன் கண்ணுக்கு வேறொன்றும் தெரிகிறது. ஒரு சாப்பாட்டுப் பொருள் வீட்டுப் பழக்கமாக ஒரு தலைமுறையாவது ஆகும். போட்ட பணத்தைச் சில ஆண்டுகளில் பல மடங்காகக் கேட்கும் முதலுக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை. நிதானமாக வளர்ந்திருந்தால் நின்றிருக்கக்கூடிய தொழிலை ஓடவைத்தே மூச்சுத் திணற அடித்தார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் மீல் மேக்கர் இருக்கிறது. அதைத் தாவர இறைச்சி என்று யாரும் பெயர் சூட்டிக் கொண்டாடவில்லை. உலகம் காக்கும் கடமையெல்லாம் அதன் தலையில் இல்லை. பெயர் வணிகப் பெயராக வந்து, பிறகு பொருளின் பெயராகவே ஆகிவிட்டது. விடுதிக் குருமாவிலும், கல்யாண வீட்டு வெஜிடபிள் பிரியாணியிலும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் தள்ளுவண்டி சில்லியிலும் அது சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது. நூறு கிராமில் 52 கிராம் புரதம் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறார்கள். தணிக்கைப் புத்தி சும்மா இருக்குமா? அது காய்ந்த எடை. ஊறவைத்துப் பிழிந்தால் மூன்று மடங்காகிவிடும். அப்போது நூறு கிராமில் பதினைந்து, பதினேழுதான் தேறும். அப்படிப் பார்த்தாலும் விலைக்கு அது மோசமில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் மருமகள் ஒரு முறை புதுவகைத் தாவரக் கொத்துக்கறிப் பாக்கெட் வாங்கி வந்தாள். நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் முதல் போடும் வகையறா. சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப்பல் போட்டுப் பள்ளிபாளையம் பாணியில் வறுத்தோம். கொத்துக்கறியாகச் சாப்பிட்டால் குறை சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டால் ஏமாறலாம். துண்டாக வந்த இன்னொரு பாக்கெட் மென்று முடிக்கும்போது ரப்பர் வாடை அடித்தது. பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்தேன்: சோயாப் புரதம், கோதுமைப் புரதம், எண்ணெய், கெட்டிப்படுத்தி, மணமூட்டி, உப்பு. அந்தக் கால் கிலோவின் விலைக்கு எங்கள் தெருமுனையில் ஒரு கிலோ கோழி வாங்கியிருக்கலாம். தமிழ்நாட்டில் அசைவம் சாப்பிடுவோர் 97 சதவீதத்துக்கும் மேல் என்கிறது 2014-ம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு. அவர்களில் எத்தனை பேர் கோழியைவிட நான்கு மடங்கு கொடுத்துக் கோழி மாதிரி ஒன்றை வாங்குவார்கள்?

என் தங்கை வீட்டுக்காரர் பல்லடம் பக்கத்தில் கறிக்கோழி வளர்க்கிறார். வளர்க்கிறார் என்றால், ஒப்பந்தத்தில். குஞ்சு நிறுவனத்துடையது. தீவனம், மருந்து, சூப்பர்வைசர், பிடித்துப்போகும் லாரி எல்லாம் நிறுவனத்துடையது. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், தரையில் பரப்பும் தேங்காய் நார் மஞ்சி, குஞ்சுப் பருவத்தில் சூடு போடும் செலவு, ராத்திரித் தூக்கம் ஆகியவை மாப்பிள்ளையுடையவை. ஒரு பேட்ஜ் முடிந்ததும் கணக்குச் சீட்டு வரும். அதை என்னிடம் காட்டினார். எத்தனையோ சங்கங்களின் பேரேட்டைப் புரட்டியவன்தான். இந்த ஒற்றைத் தாள் என்னை அரை மணி நேரம் உட்காரவைத்தது.

இறக்கிய குஞ்சு, செத்தது, பிடித்தது, சராசரி எடை, தின்ற தீவனம். இதுவரை சரி, மாப்பிள்ளையே எண்ணிப் பார்க்கக் கூடியவை. அடுத்த பகுதியில் குஞ்சு விலை, தீவன விலை, மருந்து, மேற்பார்வைச் செலவு எல்லாம் நிறுவனம் தானே வைத்த விலையில் ஏறுகின்றன. எல்லாவற்றையும் கூட்டி, பிடித்த எடையால் வகுத்தால் கிலோவுக்கு உற்பத்திச் செலவு என்று ஒரு எண் வருகிறது. நிறுவனம் வைத்திருக்கும் அளவுக்குக் கீழே அது இருந்தால் வளர்ப்புக் கூலியோடு ஊக்கத்தொகை. மேலே போனால் கூலியில் வெட்டு. குஞ்சே நோஞ்சானாக வந்து செத்திருந்தால்? தீவனம் சரியில்லாமல் எடை ஏறாமல் போயிருந்தால்? அதுவும் இந்த எண்ணில்தான் வந்து விழும். சரக்கைக் கொடுத்தவரே விலையும் வைத்து, தராசும் பிடித்து, தேர்ச்சி மதிப்பெண்ணும் போடுகிறார். எந்தச் சங்கத்திலாவது இப்படி ஒரு கணக்கைப் பார்த்திருந்தால் தணிக்கைக் குறிப்பில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன்.

“கோழி அவுங்களுது, தீவனம் அவுங்களுது. செட்டும் பேங்க் கடனும் மட்டும் நம்முளுதுங்க மச்சான்” என்றார் மாப்பிள்ளை. கோபமாகச் சொல்லவில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார், அதையும் மறைக்கக் கூடாது. 2020 மார்ச்சில் கொரோனா வதந்தியால் கோழி விலை அதலபாதாளத்துக்குப் போனபோது, சொந்தமாகக் குஞ்சு வாங்கி வளர்த்தவர்கள் தலையில் துண்டு போட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்குப் பேசிய கூலி வந்தது. அடுத்த பேட்ஜுக்குக் குஞ்சு இறக்கத்தான் ஆளில்லை. கொட்டகை காலியாகக் கிடந்தது, தவணை மட்டும் ஓடியது. இந்த ஒப்பந்த முறை வந்ததால்தான் விருந்தாளி வந்தால் மட்டும் அடித்த கோழி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடானது என்பதும் உண்மை.

நாளைக்கு எல்லோரும் தாவர இறைச்சிக்கு மாறிவிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கோழிகள் தப்பிக்கும். நிறுவனங்களும் தப்பிக்கும், தீவன ஆலையில் இயந்திரத்தை மாற்றிக்கொள்ள அவர்களிடம் முதல் இருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய இறைச்சி நிறுவனங்களே தாவர இறைச்சிப் பிரிவுகளைத் தொடங்கிப் பார்த்தன. காலிக் கொட்டகையும் கடனும் மாப்பிள்ளையிடம் மிஞ்சும். சோயாவோ பட்டாணியோ போடும் விவசாயிக்கு அதே மாதிரி ஒரு தாள் வரும்: விதை அவர்களுடையது, மருந்து அவர்களுடையது, நிலமும் கடனும் உன்னுடையது. தாவர இறைச்சியால் பொருளாதாரமே நியாயமாகிவிடும் என்று நம்பும் இளைஞர்களிடம் நான் கேட்பது, அந்தத் தாளில் எந்த வரி மாறும் என்பதைத்தான்.

அரசே எடுத்து நடத்தட்டும் என்பார்கள் சிலர். நடத்திப் பார்த்தாயிற்று. மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் ஐம்பதுகளிலேயே நிலக்கடலை மாவு முக்கால் பங்கு, பொட்டுக்கடலை மாவு கால் பங்கு கலந்து ஒரு சத்துணவை உருவாக்கியது. அறிவியலில் குறையில்லை. ஏழைகளுக்கான சத்து என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். தன்னை ஏழை என்று சொல்லும் பாக்கெட்டை யார் ஆசையாகப் பிரிப்பார்கள்? 1965-ல் தொடங்கிய அரசு நிறுவனத்தின் மாடர்ன் பிரெட் நன்றாகத்தான் விற்றது; 2000-ல் அதைத் தனியாருக்குக் கொடுத்துவிட்டார்கள். அரசு ஜெயித்தது வேறு இடத்தில். தமிழ்நாட்டின் பள்ளிச் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை என்று ஆனபோது, நாமக்கல் பண்ணைகளுக்கு விலை விழுந்தாலும் விழாத ஒரு வாடிக்கையாளர் கிடைத்தார். உற்பத்தி செய்வதில் தடுமாறிய அரசு, வாங்குவதில் கெட்டிக்காரத்தனம் காட்டியது.

கூட்டுறவைப் பற்றி நான் பேசினால் சொந்த வீட்டுப் பெருமை என்று நினைப்பீர்கள். சங்கங்களின் அழுக்கு எனக்குத் தெரிந்த அளவுக்கு விமர்சிப்பவர்களுக்குத் தெரியாது. மாடே இல்லாத உறுப்பினர், வெயில் காலத்தில் திடீரென்று பெருகும் பால், தேர்தல் நடக்காமல் ஆண்டுக்கணக்கில் ஓடும் தனி அலுவலர் ஆட்சி, பொதுப்பேரவைக் கூட்டத்துக்கு முன்பே எழுதி முடித்த தீர்மானப் புத்தகம் எல்லாம் பார்த்தவன். ஆனாலும் பால் சங்கத்தில் ஒரு வசதி உண்டு. காலையில் கேனோடு வரும் அம்மா, கொழுப்பும், எஸ்.என்.எப். என்கிற கொழுப்பில்லாத திடப்பொருளும் பார்க்கும்போது எதிரிலேயே நிற்கிறார். சந்தேகம் வந்தால், “நேத்து நாலு புள்ளி ரெண்டு, இன்னைக்கு எப்புடி மூணு புள்ளி ஆறு ஆச்சு?” என்று செயலாளரை வரிசையில் எல்லோர் முன்னாலும் கேட்கிறார். செயலாளர் திருடினாலும் ஒரு பயத்தோடு திருட வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு அப்படிக் கேட்க ஒரு வரிசை கிடையாது. ஒப்பந்தச் சாகுபடிக்குத் தமிழ்நாடு 2019-ல் தனிச் சட்டம் போட்டது, கால்நடை உற்பத்தியையும் சேர்த்து. அந்தச் சட்டம் இருப்பதே அவர் பக்கத்துக் கொட்டகைக்காரருக்குத் தெரியாது.

பருப்பு மாவை வைத்து ஒரு தொழிலைத் தொழிலாளர்களே நடத்த முடியுமா என்று கேட்பவர்கள் லிஜ்ஜத் அப்பளத்தைப் பார்க்கலாம். 1959-ல் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் தொடங்கியது. அப்பளம் இடும் பெண்களே பங்காளிகள். வெளிநாட்டில் ஸ்பெயினின் மோன்ட்ராகன் 1956-லிருந்து ஓடுகிறது. அதன் ஃபாகோர் வீட்டு உபயோகப் பொருள் பிரிவு 2013-ல் திவாலானதைக் காட்டிக் கேலி செய்கிறவர்கள், அங்கே வேலை இழந்தவர்களில் பெரும்பகுதியை மற்ற சங்கங்கள் எடுத்துக்கொள்ள முயன்றதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்கு வழிகாட்டி ஜே.சி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் படித்து வந்து பம்பாயில் தொழில் செய்த தணிக்கையாளர். அதனால் கொஞ்சம் சாதிப் பாசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் மதுரைக்குப் பக்கத்துக் கல்லுப்பட்டியில் வாழ்ந்தார். சிறையில் இருந்தபோது எழுதி 1945-ல் வந்த நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில், பொருளாதாரங்களை முதலாளித்துவம், பொதுவுடைமை என்று பிரிக்காமல் உயிரினங்களை வைத்துப் பிரித்தார். புலி தான் உண்ணும் உயிரையே அழிக்கிறது. குரங்கு தோப்பில் தின்கிறது, ஆனால் தோப்புக்கு எதையும் தருவதில்லை. பறவை உழைத்துக் கூடு கட்டுகிறது. தேனீ கூட்டத்துக்காகச் சேர்க்கிறது. தாய் எதையும் எதிர்பார்க்காமல் ஊட்டுகிறாள். புலியிலிருந்து தாய் வரை ஏறும் படிக்கட்டு அது.

மாப்பிள்ளையின் கணக்குச் சீட்டைப் புலியின் படியில் வைப்பது அநியாயம். குரங்குப் படியில் வைக்கலாம். பங்குச் சந்தைக்காக ஓடிய பட்டாணிப் பர்கரையும் அதே படியில்தான் வைப்பேன், அதன் உள்ளே இருப்பது செடியாகவே இருந்தாலும். குமரப்பா மட்டும் இன்று இருந்தால் மீல் மேக்கரையும் விட்டிருக்க மாட்டார். எண்ணெய் ஆலையை எதிர்த்துச் செக்குக்காக வாதாடியவர். கரைப்பான் ஊற்றி எண்ணெயைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும் ஆலையின் கழிவிலிருந்து உணவு செய்வதைக் கேட்டால் முகம் சுளித்திருப்பார். இங்கே நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. எல்லாம் செக்கில் ஆகாது. ஒரு வட்டாரத்துக்கு ஒரு இயந்திரம் வைத்து, அதற்கு அந்த வட்டாரத்து ஆட்களே சொந்தக்காரர்களாக இருந்தால், தேனீயின் படிக்கு அது ஏறிவிடும்.

நம்மிடம் பாதிச் சாமான் ஏற்கனவே இருக்கிறது. அங்கன்வாடிகளுக்கு இணை உணவு மாவு அரைக்கும் மகளிர் தொழில் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. நிலக்கடலை, உளுந்து, கொண்டைக்கடலை இங்கேயே விளைகின்றன. நிலக்கடலையில் பூஞ்சை நஞ்சைச் சோதிக்க ஆய்வகம் வேண்டும். பி-12 சேர்க்க வேண்டும், செடியில் அது கிடையாது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கும் சத்துணவுக்கூடம் வாரத்தில் ஒரு நாள் பருப்புக் கொத்துக்கறி வாங்கினாலே ஆரம்பத்துக்குப் போதும். முட்டையை நிறுத்தச் சொல்லவில்லை. அதைத் தொட்டால் நானே சண்டைக்கு வருவேன்.

ஆனால் சங்கத்தின் துணைவிதியில் ஒரு வரி இல்லாமல் இதை ஆதரிக்க மாட்டேன். கறிக்கோழிக் கொட்டகைக்குக் கடன் வாங்கி இன்னும் கட்டிக்கொண்டிருப்பவர்களை வாக்குரிமையுள்ள ‘அ’ வகுப்பு உறுப்பினர்களாகச் சேர்க்க வேண்டும்; காலியாகும் கொட்டகையைக் கிடங்காகவோ உலர்த்தும் இடமாகவோ சங்கம் வாடகைக்கு எடுக்க வேண்டும்; கடன் தீரும்வரை அந்த வாடகை வங்கித் தவணைக்குக் குறையக் கூடாது. இதைச் சொன்னபோது மாப்பிள்ளை ஆர்வம் காட்டவில்லை. வாடகையை யார் நிர்ணயிப்பார்கள், எந்தத் தேதியில் பட்டுவாடா, மின்கட்டணம் யார் தலையில் என்று மூன்று கேள்வி கேட்டார். முதல் இரண்டுக்குப் பால் சங்க நடைமுறையை வைத்துப் பதில் சொன்னேன். மின்கட்டணத்தைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.